ராயுடு அவுட்டாகணும்னு யார் வேண்டிக்கிட்டது?

அம்பத்தி ராயுடுமீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. அவர் குண்டூர்க்காரர், நான் சிவகிரிக்காரன். எங்களுக்குள் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு ஒன்றும் இல்லை. 2018-இல் வந்தார், 2023 வரை மஞ்சள் சட்டையில் ஆடினார், சென்னை சூப்பர் கிங்ஸ் மூன்று கோப்பை வாங்கியபோது கூடவே நின்றார். நல்ல ஆட்டக்காரர். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

ஆனால் ஓய்வு பெற்று, கோட்டு மாட்டிக்கொண்டு, டிவியில் விமர்சனம் சொல்ல உட்கார்ந்த பிறகு மனிதர் ஒரு பேச்சுப் பேசினார். சிஎஸ்கே ரசிகர்கள் முதலில் தோனி ரசிகர்களாம், அதற்குப் பிறகுதான் சிஎஸ்கே ரசிகர்களாம். தானும் ஜடேஜாவும் வருஷக்கணக்காக இதை நினைத்து உள்ளுக்குள் புழுங்கினார்களாம். சொந்த அணியின் பேட்ஸ்மேன் எப்போது அவுட்டாவான், எப்போது தோனி வருவார் என்று கூட்டம் காத்துக் கிடக்குமாம். வாய் தவறி ஒரு தடவை சொன்னார் என்றால் விட்டுவிடலாம். வேறு வேறு சமயத்தில், வேறு வேறு இடத்தில் உட்கார்ந்து இதையே சொன்னால் சும்மா இருக்க முடியுமா? இந்த அபாண்டத்தைப் பொய்யென்று நிரூபிக்க ஒருவராவது பேனா எடுக்க வேண்டாமா?

முதலில், விசுவாசம் பற்றிப் பேசுகிறவர் யார் என்று பார்த்துவிடுவோம். 2019 ஏப்ரலில் உலகக் கோப்பை அணியில் இவரை விட்டுவிட்டு விஜய் சங்கரை எடுத்தார்கள். விஜய் சங்கர் மூன்று பரிமாணம் உள்ள ஆட்டக்காரர் என்று தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் விளக்கம் சொன்னார். உலகக் கோப்பை பார்ப்பதற்காகப் புதிதாக ஒரு 3டி கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்திருப்பதாக ராயுடு மறுநாள் ட்விட்டரில் எழுதினார். (நல்ல நக்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விஜய் சங்கர் பிறந்தது திருநெல்வேலியில். எங்கள் ஜில்லாப் பையனை வைத்து நக்கல் செய்ததை நாங்கள் குறித்து வைத்திருக்கிறோம்.) ஜூலையில் கிரிக்கெட்டே வேண்டாம் என்று ஓய்வு அறிவித்தார். ஆகஸ்டில் வாபஸ் வாங்கினார். 2022 மே மாதம் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு என்று எழுதி, கொஞ்ச நேரத்தில் அழித்தார். 2023 டிசம்பர் 28 அன்று ஒய்எஸ்ஆர் காங்கிரஸில் சேர்ந்தார், ஜனவரி 6 அன்று விலகினார். எங்கள் பக்கம் கட்சி மாறுவதில் கை தேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள்கூடப் பொங்கலுக்குக் கொடுக்கிற வேட்டியை வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார்கள். இவர் பொங்கல்வரைகூட நிற்கவில்லை.

அடுத்து, நாங்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிவகிரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் வரும். ஈரோட்டுப் பக்கம் ஒரு சிவகிரி இருக்கிறது. கேரளத்தில் வர்க்கலையில் நாராயண குரு சமாதி இருக்கிற சிவகிரி இன்னொன்று. எங்களுடையது மலையடிவாரத்துச் சிவகிரி. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற ரோட்டில், வாசுதேவநல்லூருக்கு முன்னால் வரும். பெரியவர்கள் இன்னும் ‘சங்கரன்கோவில் தாலுகா, திருநெல்வேலி ஜில்லா’ என்றுதான் விலாசம் எழுதுவார்கள். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்தது அவர்களுக்கு இன்னும் முறையாகத் தெரிவிக்கப்படவில்லை.

இங்கிருந்து சேப்பாக்கம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஊருக்குச் சென்னை அணிமேல் என்ன பாத்தியதை என்று கேட்கலாம். எங்கள் மாமா கேட்க விட மாட்டார். அவர் எலுமிச்சை வியாபாரி, புளியங்குடி மார்க்கெட்டில் நல்ல பெயர். அவருடைய வாதம் சுண்ணாம்புக்கல்லிலிருந்து ஆரம்பிக்கும். இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் முதல் ஆலை 1949-இல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்து சங்கர் நகரில்தான் ஓட ஆரம்பித்தது. அந்தக் கம்பெனிதான் 2008-இல் 9 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்துச் சென்னை அணியை ஏலம் எடுத்தது. “அப்பம் யாரு துட்டுலே அது? நம்ம கல்லை ஒடச்சு, நம்ம மண்ணைத் தோண்டி, நம்ம நெஞ்சுல தூசியப் போட்டுச் சம்பாரிச்ச துட்டுல்லா” என்பார் மாமா. அணி பிறகு தனிக் கம்பெனியாகப் பிரிந்தது, 2024 கடைசியில் சிமெண்டு ஆலையே அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். “ஆலை கைமாறுனா என்ன மாப்ள, கல்லு மாறுமா?” என்று முடித்துவிட்டார்.

அப்படிப்பட்ட பரம்பரை முதலாளிகளைப் பார்த்துத்தான் ராயுடு இதைச் சொல்லியிருக்கிறார்.

சரி, நிரூபணத்துக்கு வருகிறேன். 2023 ஏப்ரல் 3-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வருஷம் கழித்துச் சேப்பாக்கத்தில் சிஎஸ்கே ஆடிய முதல் மேட்ச், லக்னோவுக்கு எதிராக. கடைசி ஓவரில் தோனி இறங்கினார். பந்து போட்டது மார்க் வுட், மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடுகிற ஆள். முதல் பந்து சிக்ஸர். இரண்டாவது பந்து சிக்ஸர். மூன்றாவது பந்தில் அவுட். மூன்று பந்தில் 12 ரன். சிஎஸ்கே எத்தனை ரன்னில் ஜெயித்தது? சரியாக 12 ரன்னில். தோனி இல்லாவிட்டால் மேட்ச் என்னாகியிருக்கும்? இதற்கு மேல் கணக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

இதை நான் டீக்கடையில் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு பொடியன், “அண்ணாச்சி, அதே மேட்ச்ல ராயுடு 14 பந்துல 27 அடிச்சு நாட் அவுட்” என்றான். அவன் வீட்டில் இண்டர்நெட் இருக்கிறது. எனக்கு அந்த 27 ரன் சுத்தமாக நினைவில்லை. டீக்கடையில் இருந்த ஒருவருக்கும் நினைவில்லை. ஆகவே அது நடந்திருக்கவே நியாயமில்லை என்று தீர்மானித்து, பொடியனை டியூஷனுக்கு நேரமாச்சு என்று அனுப்பி வைத்தோம்.

டிவியில் பார்த்தது போக நேரிலும் பார்த்திருக்கிறேன். 2024 ஏப்ரல் 8, கொல்கத்தாவுடன் மேட்ச். டிக்கெட் கிடைத்த கதை தனியாக ஒரு கட்டுரை, அதில் மைத்துனன் நகைக்கடன் எல்லாம் வரும், அதை விடுங்கள். மாமாவும் நானும் சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினோம். மாமா ஒரு பையில் எலுமிச்சம்பழம் கொண்டு வந்தார். தோனிக்குக் கொடுக்கவாம். எலுமிச்சம்பழத்தை எறிபொருளாகக் கருதி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் மஞ்சள் சட்டை, எல்லா முதுகிலும் 7. பிறந்து ஆறு மாசம் இருக்கும் ஒரு குழந்தை, அதன் முதுகிலும் 7. அதைப் பார்த்து நான் ஒன்றைக் கவனித்தேன் என்று சொல்ல வந்தேன், ராயுடுவுக்குச் சாதகமாகப் போகும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

கொல்கத்தா 137 ரன்தான் எடுத்தது. நம் ஆள் ஜடேஜா மூன்று விக்கெட் எடுத்தார். சுலபமான இலக்கு, வெற்றி நிச்சயம், கூட்டம் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். விக்கெட்டே விழாமல் ஜெயித்துவிட்டால் தோனி எப்படி இறங்குவார்? ருதுராஜ் நன்றாக நின்று ஆட ஆட எங்கள் ஸ்டாண்டில் கவலை கூடிக்கொண்டே போனது. அவர் அரை சதம் அடித்ததும் எழுந்து கைதட்டினோம். கை தட்டியது தட்டியதுதான், முகத்தில் ஒரு வாட்டம். ஷிவம் துபே வந்து சிக்ஸர் அடித்தபோது எனக்குப் பின்னால் ஒருவர் வயிற்றில் அடித்துக்கொண்டார். “இவன் முடிச்சிருவான்டா, முடிச்சிருவான்.” சேலத்திலிருந்து லீவு போட்டு வந்தவராம்.

ஜெயிக்க மூன்று ரன் பாக்கி இருந்தபோது வைபவ் அரோரா பந்தில் துபேயின் ஸ்டம்பு பறந்தது. சேப்பாக்கத்தில் அப்போது எழுந்த சத்தத்தை என்னவென்று சொல்வது! அந்தப் பையன் அரோரா, எதிரணி மைதானத்தில் தனக்கு இவ்வளவு செல்வாக்கா என்று ஒரு கணம் திகைத்திருப்பான். இந்தச் சமயத்தில் ஜடேஜா மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிற மாதிரி நடந்தார். 600 கிலோமீட்டர் வந்தவனின் நெஞ்சு என்னவாகும்? நாலைந்து அடி வைத்தவர், சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார். பின்னாலேயே தோனி. எல்லைக் கோட்டில் நின்ற ஆந்த்ரே ரஸல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பிறகு தெரிந்தது, ஜடேஜாவை அப்படிச் செய்யச் சொன்னதே தோனிதானாம்.

தோனி மூன்று பந்து ஆடி ஒரு ரன் எடுத்தார். ஒரு ரன். அதைப் பற்றி நாங்கள் மதுரை தாண்டும்வரை பேசிக்கொண்டு வந்தோம். ருதுராஜ் அடித்த 67-ஐப் பற்றி விழுப்புரத்தில் ஒரு தடவை பேச்சு வந்தது.

சேப்பாக்கம் கூட்டத்துக்கு ஆட்டம் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்ற டெஸ்டில், சச்சின் 136 அடித்தும் கைநழுவிப் போன அந்த மேட்சில், ஜெயித்த பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது எழுந்து நின்று கைதட்டிய ஸ்டாண்டு அது. எதிரிக்கே எழுந்து நின்றவர்கள், சொந்த ஆட்டக்காரன் அவுட்டாக வேண்டும் என்று நினைப்பார்களா என்று ராயுடுவைக் கேட்கிறேன். நினைத்தது உண்மைதான். ஆனால் கெட்ட எண்ணத்தில் நினைக்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் ரசம் ஊற்றும்போது, பாயசம் வருகிறதா என்று எட்டிப் பார்க்காதவன் யார்? ரசத்தின்மேல் யாருக்காவது பகையா? ரசம் இல்லாமல் சாப்பாடு முடியுமா? ஆனாலும் ரசத்தை இரண்டாம் தடவை ஊற்ற வருகிறவனைப் பார்த்து நாம் இலையை மறைக்கத்தானே செய்கிறோம்!

ஜடேஜா இதைப் புரிந்துகொண்டவர். 2023 மே 10, டெல்லியை ஜெயித்து ஆட்டநாயகன் விருது வாங்க வந்தபோது, நான் மேலே இறங்கினால் எப்போது அவுட்டாவேன் என்று இவர்கள் காத்திருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ராயுடு சொன்ன அதே சங்கதிதான். அவர் சொன்னபோது நாங்களும் சிரித்தோம். ராயுடு சொன்னபோது கோபம் வந்தது. சொல்கிற முகத்தில் இருக்கிறது எல்லாம்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள். அங்கே பிலடெல்பியா அணியில் மைக் ஷ்மிட் என்று ஒரு பெரிய கை இருந்தார். சொந்த ஊர்க் கூட்டமே ஊளையிட்டு ஊளையிட்டு அவரைப் படுத்தியது. பொறுத்துப் பார்த்துவிட்டு, 1985-இல் ஒரு பேட்டியில் எங்கள் ரசிகர்கள் கலகக் கும்பல், இவர்களைத் திருத்த முடியாது என்று போட்டு உடைத்துவிட்டார். ஊரே கொதித்தது. அடுத்த மேட்சுக்கு எப்படி வந்தார் தெரியுமா? தலையில் நீளமான டோப்பா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கொலைவெறியில் வந்திருந்த கூட்டம் அதைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது. ராயுடு வீட்டில் 3டி கண்ணாடி சும்மாதான் கிடக்கும். டோப்பா ஒன்று மட்டும் வாங்கினால் போதும்.

எனக்கு மட்டும் அனுபவம் இல்லையா என்ன? பிசானம் அறுத்து முடிந்ததும் எங்கள் ஊர் வயலில் டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடக்கும். நெல் அறுத்த தாள்கட்டை காலைக் குத்தும், பந்து எந்தத் திசையில் எழும்பும் என்று பந்துக்கே தெரியாது. அப்படிப்பட்ட ஆடுகளத்தில் நான் ஓப்பனிங் இறங்கி விக்கெட்டைக் கொடுக்காமல் கட்டை போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் டீமில் நான்காவதாக இறங்குகிறவன் ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கிற ஒரு பையன். அவன் அடித்தால் பந்து எலுமிச்சந்தோப்புக்குள் போய்விடும், முள்ளுக்குள் கையை விட்டு எடுக்க ஆள் கிடையாது. அவனைப் பார்க்கத்தான் வாசுதேவநல்லூரிலிருந்தெல்லாம் கூட்டம் வந்திருந்தது.

நான் நாலு பந்தைத் தடுத்ததும் மைக் பிடித்தவர் ஆரம்பித்துவிட்டார். “பொறுமையின் சிகரமாக ஆடிக்கொண்டிருக்கும் நம் அணியின் தொடக்க ஆட்டக்காரர்... அடுத்து வரவிருப்பவர் அதிரடி நாயகன் என்பதை அன்போடு தெரிவித்துக்கொள்கிறோம்.” கொஞ்ச நேரம் கழித்து, “அதிரடி நாயகன் பேடு கட்டித் தயாராக இருக்கிறார் என்பதை ஆட்டக்காரர் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.” அதற்குப் பிறகு மைக்கில் மரியாதை குறைந்துகொண்டே வந்தது. வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த மாமா எழுந்து நின்று, “மாப்ள, ஒனக்கு மூட்டு வலி இருக்குல்லா, வெளிய வந்து செத்த உக்காருலே” என்றார். எனக்கு மூட்டு வலி கிடையாது. நான் போல்டானபோது முதலில் கைதட்டியது எங்கள் டீம் ஸ்கோரர். ரன் எழுதுகிற நோட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினான்.

ஆகவே ராயுடுவின் வலி எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன், கூட்டம் செய்தது நியாயம். நான் ஆடியதை வரப்பில் உட்கார்ந்து பார்க்கிற தண்டனை எனக்கே கிடைத்திருந்தால் நானும் குடையை மடக்கி எறிந்திருப்பேன்.

இனி முக்கியமான வழக்கு. 2023 இறுதிப் போட்டி, அகமதாபாத். முதல் நாள் மழையில் போய், மே 29 அன்று ஆடினார்கள். குஜராத்துக்காக நம் சென்னைப் பையன் சாய் சுதர்சன் 47 பந்தில் 96 அடித்து எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்தான். தமிழ்ப் பையன் அடிக்கிறான் என்று பெருமைப்படுவதா, ராஞ்சிக்காரர் கோப்பை போகிறதே என்று அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தோம். மறுபடி மழை. நள்ளிரவு தாண்டி, 15 ஓவரில் 171 என்று இலக்கைத் திருத்திக் கொடுத்தார்கள்.

மாமா வீட்டு முன்கூடத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அத்தை இரண்டு தடவை கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, மூன்றாவது தடவை கேட்டவனிடம் அடுப்பங்கரை எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டாள். ராயுடு ஆடிக்கொண்டிருந்தார். அது அவருடைய கடைசி மேட்ச், முந்தின நாளே அறிவித்திருந்தார். மோகித் சர்மா பந்து போட்டார். சிக்ஸர். அடுத்தது பவுண்டரி. அடுத்தது சிக்ஸர். இதைவிட ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? நாங்களும் கத்தினோம். ஆனால் அடுத்து யார் வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மாமாவின் உதடு மட்டும் அசைந்தது. சங்கரன்கோவில் கோமதியம்மனுக்கு மாவிளக்கு என்று என் காதில் விழுந்தது.

நான்காவது பந்தில் ராயுடு அடித்ததை மோகித்தே பிடித்துவிட்டார். 8 பந்தில் 19. கூடத்தில் ஓலம் எழுந்ததா? அதுதான் இல்லை. விசில் பறந்தது. தோனி உள்ளே வந்தார். அத்தைகூட அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த பந்து. தோனி தூக்கி அடித்தார். டேவிட் மில்லர் கைக்கு நேராகப் போனது. அவுட். முதல் பந்திலேயே பூஜ்யம்.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் மெதுவாக மாமா பக்கம் திரும்பினோம். “என்ன வேண்டுனீக மாமா?” என்று ஒருவன் கேட்டான். மாமா வேட்டியைச் சரி செய்துகொண்டார். “ராயுடு அவுட்டாகணும்னுதாம்லே கேட்டேன். தாயி குடுத்துட்டா. அதுக்கு அடுத்த பந்துக்கு நான் ஒண்ணும் கேக்கலியே.” கேட்காமல் விட்டதும் குற்றம்தான் என்று ஒரு கட்சி, வேண்டுதல் எழுத்துப்படி நிறைவேறிவிட்டது என்று இன்னொரு கட்சி. இந்தச் சண்டை ஓய்வதற்குள் ஷிவம் துபேயும் ஜடேஜாவும் கடைசி ஓவரில் 13 வேண்டும் என்கிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான்கு பந்தில் மூன்று ரன்தான் வந்தது. இரண்டு பந்தில் 10. ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். முடிந்தது. மணி ஒன்றரை. ஜடேஜாவைத் தோனி தூக்கிக்கொண்டார். தெருவில் வெடி போட்டார்கள். எங்கள் ஊரில் எந்த வீட்டு வெடியும் ராயுடு பெயர் சொல்லி வெடிக்கவில்லை என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

கோப்பை வாங்க ராயுடுவையும் ஜடேஜாவையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார் தோனி. பார்த்தவுடன் மாமா, “பாத்தியா, என்ன பெருந்தன்மை!” என்றார். ராயுடுவுக்குக் கிடைத்த மரியாதையிலும் பாராட்டு தோனிக்குத்தான் போனது. இதைத்தான் ராயுடு குறை என்கிறார்.

வேண்டுதலைத் தீர்க்க ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போனோம். மாவிளக்கை எந்தக் கணக்கில் போடுவது என்று மாமாவுக்கு இன்னும் குழப்பம். ராயுடு அவுட்டான கணக்கா, ஜடேஜா அடித்த கணக்கா? இரண்டுக்கும் சேர்த்தே போட்டார். தபசு மண்டபத்துக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, இந்தச் சண்டைக்கு எங்கள் தாலுகா புதுசே அல்ல. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவனுக்குச் சிவன், மற்றவனுக்குத் திருமால். யார் பெரியவர் என்று இருவரும் விடாமல் சண்டை போட்டு, பஞ்சாயத்து அம்மனிடம் வந்தது. அம்மன் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒற்றைக் காலில் நின்று தவம் இருந்தாள். பாதி சிவன், பாதி திருமாலாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்த பிறகுதான் தகராறு தீர்ந்தது என்பது ஸ்தல புராணம். ராயுடு கேட்பதும் அந்தத் தரிசனம்தான், பாதி தோனி, பாதி சூப்பர் கிங்ஸ். அம்மனே ஊசிமுனையில் நின்று வாங்கிய வரம் அது. எங்களுக்கு டீக்கடை பெஞ்சில் ஒழுங்காக உட்காரவே வராது.

ராயுடு போலவே முன்னாள் சிஎஸ்கே ஆட்டக்காரரான ஹர்பஜன் சிங், 2025-இல் தோனிக்கு இருப்பவர்கள்தான் உண்மையான ரசிகர்கள், மற்றவர்களுக்கு இருப்பதில் நிறையக் காசு கொடுத்துச் சேர்த்த கூட்டம் என்ற பொருளில் பேசினார். மஞ்சள் சட்டை போட்டிருந்த காலத்தில் தமிழில் ட்வீட் போட்டு எங்களைக் குளிர வைத்தவராயிற்றே. மனிதன் என்றால் அவன் மனிதன். அன்று டீக்கடையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். காசு வாங்கிக்கொண்டு ரசிகராக இருக்கிற வேலை எங்கே கிடைக்கிறது என்று ஒரு தம்பி விசாரித்தான் என்பது உண்மை, ஆனால் அவனுக்கு அப்போது வேலை போயிருந்தது.

அந்த 2025-ஐப் பற்றிக் கட்டாயம் பேசத்தான் வேண்டுமா? மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் 50 ரன்னில் தோற்றோம். 2008-க்குப் பிறகு அவர்கள் அங்கே ஜெயித்ததே அன்றுதான். தோனி ஒன்பதாவதாக இறங்கினார், அஷ்வினுக்கும் பின்னால். இறங்கி 16 பந்தில் 30. கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸர் வேறு. மறுநாள் காலை டீக்கடையில் கேட்டால், “நேத்து மேட்ச் அருமை” என்றார்கள். தோற்றுவிட்டோமே என்றேன். “அது கெடக்கட்டும், அந்த ரெண்டு சிக்ஸர் பாத்தீகளா?”

அடுத்த வாரம் டெல்லியுடன், மறுபடியும் தோல்வி, 25 ரன். அதே 3டி விஜய் சங்கர்தான் இப்போது மஞ்சள் சட்டையில் நின்று 54 பந்தில் 69 அடித்தார், அவுட்டாகவும் இல்லை. எதிர்முனையில் தோனி 26 பந்தில் 30. தோல்விக்கு யார் காரணம் என்று எங்கள் ஊரில் தீர்ப்பு எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. திருநெல்வேலியில் பிறந்த பையன் என்கிற சலுகை அன்றைக்கு மட்டும் ரத்து செய்யப்பட்டது. அந்த வருஷம் 14 மேட்சில் நான்குதான் ஜெயித்தோம். அணியின் சரித்திரத்தில் முதல் தடவையாகக் கடைசி இடம். ‘தோனி நலமாக இருக்கிறார்’ என்பதுதான் எங்கள் ஊர்வரைக்கும் அந்த சீசனின் முடிவு.

நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள். கூடவே சாம் கரனும் போனார். பதிலுக்கு சஞ்சு சாம்சன் வந்தார். செய்தி வந்த அன்று மாமா கமிஷன் கடையில் எலுமிச்சை மூட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். ஜடேஜா போனதைச் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அகமதாபாத்தில் அந்த இரண்டு பந்து இல்லாவிட்டால் தன் மாவிளக்கு என்னவாகியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, நிஜமாகவே கண் கலங்கியது. கொஞ்ச நேரம் கழித்து ஊசியைத் திரும்ப எடுத்தார்.

“சாம்சன் எத்தனாவதா எறங்குவாப்ல?”

“ஓப்பனிங்னு பேசிக்கிடுதாங்க மாமா.”

மாமா சணலைப் பல்லால் கடித்து அறுத்தார். “ஓப்பனிங்னா சரி. நல்ல பையன். நேரத்தோட எறங்கி, ஒரு முப்பது நாப்பது அடிச்சிட்டு, நேரத்தோட வந்துருவான்.”